பன்னிரண்டு இடது கை பூமராங்குகள்

எங்கள் அண்ணியைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். குறை சொல்வதாக இருந்தால் நான் சொல்லிக்கொள்வேன்; நாத்தனார் என்று எதற்கு இருக்கிறேன்? மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அண்ணி மரச்சாமான் பட்டறை ஒன்றில் பதினாறு வருஷம் ரம்ப மெஷின் ஓட்டினாள். அலமாரிக்கும் கட்டிலுக்கும் அறுத்தது போக மிஞ்சிய ப்ளைவுட் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, பூமராங் செய்வாள். தெருவில் அவளுக்கு வளைதடி என்றே பெயர். வீட்டு நடையில் ஒரு சட்டை மாட்ட ஆணி கிடையாது, சுவர் முழுக்க பூமராங்.

“எறிஞ்சா திரும்பி வரப்போகுது. இதுக்கு எதுக்கு இத்தனை வகை?” என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“எல்லாமா திரும்பி வரும்? இந்தா, இதைத் தூக்கிப் பாரு” என்று நீளமாக, கனமாக, லேசாக வளைந்த ஒன்றைக் கையில் திணித்தாள். அது வேட்டைக்கு. நேராகப் போய் விலங்கைச் சாய்க்கும், திரும்பாது. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அதே கட்டையால் கிழங்கும் தோண்டுவார்களாம், இரண்டைத் தட்டித் தாளமும் போடுவார்களாம். திரும்பி வருகிற மெல்லிய வகையைப் பறவைக் கூட்டத்துக்கு மேலே எறிந்தால், பருந்து வந்துவிட்டது என்று பயந்து, பறவைகள் தாழப் பறந்து வலையில் சிக்குமாம். மூன்று இறக்கை வைத்தது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. கொக்கி மாதிரி இருப்பது தூரத்துக்கு. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாக இருப்பது, இறங்க மனமில்லாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

“நம்ம வீட்டுல போனா திரும்பி வராதது ரெண்டுதான். ஒண்ணு இந்த வேட்டைக் கட்டை, இன்னொண்ணு உங்கண்ணன் இரவல் குடுக்கற குடை” என்றாள். அண்ணன் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

போன வருஷம் பட்டறையை மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்குகிற பெண்ணை நம்பி வேறு யார் மெஷினைக் கொடுப்பார்கள்? மூன்றாம் நாள், மைதானத்து பூமராங் கிளப்பில் சொந்தமாக பூமராங் செய்து தர ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. மூன்று இறக்கையில் எட்டு, இரண்டு இறக்கை வகையில் பன்னிரண்டு கொண்டுபோக வேண்டும். கிளப் ஆட்கள் எறிவார்கள். ஒழுங்காகத் திரும்பி வந்தால் வேலை.

மூன்று இறக்கை எட்டையும் அண்ணி முடித்துவிட்டாள். மற்ற பன்னிரண்டுக்கும் வடிவம் அறுத்துவிட்டாள், ஓரம் சீவுவதுதான் பாக்கி. அதற்குள் பட்டறையில் கடைசிச் சரக்கை அனுப்ப வேண்டும் என்று அவளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பொறுக்குமா எனக்கு? அரத்தையும் உப்புத்தாளையும் நானே எடுத்தேன். நான் தையல்காரி. மாதிரி ஒன்று எதிரே இருந்தால் இம்மி பிசகாது. அண்ணி தினமும் எறிகிற பூமராங்கைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, அதில் எந்த ஓரம் மழுக்கலோ அதை மழுக்கினேன், எது மெலிவோ அதை மெலித்தேன். வார்னிஷ் அடித்து, காயவைத்து, பெட்டியில் கட்டி நேராக மைதானத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணி பட்டறையிலிருந்து தலையெல்லாம் மரத்தூளோடு வந்து சேர்ந்தாள்.

மூன்று இறக்கை எட்டும் எறிந்தவர்கள் கைக்கே வந்தன. எனக்கு வாயெல்லாம் பல். அடுத்து என்னுடையது. எறிந்தவர் வாட்டசாட்டமான ஆள். பத்தடி போனதும் அது வலப்பக்கம் சாய்ந்து தலைகுப்புற மண்ணில் குத்தியது. இரண்டாவதும் குத்தியது. மூன்றாவதும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணி ஒன்றை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். “எதைப் பார்த்துடி சீவினே?”

“நீங்க தினமும் எறியறதைப் பார்த்துதான் அண்ணி.”

“அட என் ராசாத்தி! நான் இடது கைக்காரி. வலது கைக்கு அப்படியே மாத்திச் சீவணுமே!”

அண்ணி இடது கைக்காரி என்பது எனக்குத் தெரியும். பூமராங்குக்கும் இடது வலது உண்டு என்பது யாருக்குத் தெரியும்? என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பிழைப்பை நானே கெடுத்துவிட்டேன்.

கிளப் செயலாளர், கழுத்தில் விசில் தொங்க, நோட்டில் ஏதோ எழுதினார். “மன்னிச்சுக்கோங்கம்மா. பன்னிரண்டும் இப்படின்னா நாங்க எப்படி…”

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேனா பிடித்திருந்த கையைப் பார்த்தாள். “சார், நீங்க எறியறதும் இடது கையிலயா?”

“அவர் எங்க எறியறாரு? மார்க்குதான் போடுவாரு” என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

செயலாளர் சங்கடமாகச் சிரித்தார். “ஆறு வருஷம் எறிஞ்சு பார்த்தேன்மா. ஒண்ணுகூட திரும்பி வரலை. எனக்கு அந்த ராசி இல்லை.”

“ராசியாவது மண்ணாவது! நீங்க வாங்கி வச்சிருக்கறது அத்தனையும் வலது கைக்குச் செஞ்சது. இடது கையில எறிஞ்சா எப்படி சார் வரும்? இங்க பாருங்க.”

எறிந்தாள். நான் சீவிய பூமராங் எழும்பி, வலப்பக்கமாகப் பெரிய வட்டம் போட்டு அவளிடமே வந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டிப் பிடித்தாள். செயலாளரைக் காற்றுக்கு ஏற்றபடி தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். அவர் பயந்துகொண்டே எறிந்தார். அது போயிற்று, வளைந்தது, அவர் நெஞ்சுக்கு நேராக வந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“வந்துடுச்சு! ஏய், எனக்கு வந்துடுச்சுய்யா!” என்று நரைத்த தலை மனிதர் குதித்த குதியில் விசில் முதுகுப் பக்கம் போய்விட்டது.

பெஞ்சிலிருந்து இன்னும் ஏழு பேர் எழுந்து வந்தார்கள். அத்தனை பேரும் இடது கைக்காரர்கள், எனக்கு வராது என்று வருஷக்கணக்காக ஓரமாக உட்கார்ந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் நான் சீவியவை மைதானத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

செயலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார். “எப்பம்மா வேலைக்கு வர்றீங்க? இதை இவ்வளவு அருமையாச் சீவினது யாரு?”

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். “இவதான் சார், என் நாத்தனார். நாளைக்கே வர்றேன், இவளையும் கூட்டிட்டு. ஆனா மாதிரியை மட்டும் நான்தான் எடுத்துக் குடுப்பேன்.”