சத்தம் போடாத பெட்டி

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள். செவிலிமேட்டு அந்தோணி கடைக்குள் நுழைந்ததும் கேட்டது, "சத்தம் எப்படிங்க இருக்கும்?" என்று.

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சவுண்டப் பத்திக் கவலையே படாதீங்க சார். ரெண்டு ஸ்பீக்கர் ஃப்ரீயாத் தர்றோம். தெருவே அதிரும்."

அந்தோணி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். தெரு அதிர்வதற்கு அவர் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

பட்டுப் புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் தானாக வந்து உட்காருவதில்லை. யாராவது அதைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுக்க வேண்டும். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை போட வேண்டும். துளை போட்ட அட்டை தறியின் தலைக்கு மேல் சுற்றினால்தான் கீழே மயில் வரும். அந்தோணியின் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். அந்தோணி அட்டை அடிக்கக் கற்றுக்கொண்டு காஞ்சிபுரம் வந்தார். வரைகிற வேலை காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது, நாற்பது வயதுக்கு மேல் மௌஸைப் பிடித்து அதையும் கற்றுக்கொண்டார். பழைய பெட்டி ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்து, வேலாயுதம் என்கிற பட்டு முதலாளிக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலேயே என்பதுதான் முக்கியம். அவர் மனைவி சம்பூர்ணத்துக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. குரலும் நூல் மாதிரி இளைத்துவிட்டது. அறிவுக்கும் வாய்த்துடுக்குக்கும் ஒரு குறையும் இல்லை. விழுங்குவதில்தான் சிக்கல். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தி, கெட்டிக் கஞ்சியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் உடனே படுக்க வைக்கக் கூடாது. அந்தோணி இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டு அப்படியே செய்தார். இத்தனை நாள் படுத்த உடம்பில் ஒரு புண் கிடையாது. அவருடைய கவனிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தது ஒரே கூடம். ஜன்னலோரம் கட்டில், எதிர்ச்சுவரில் கம்ப்யூட்டர். அந்தப் பெட்டி முதலில் லேசாக முனகிக்கொண்டிருந்தது. பிறகு இரைந்தது. பொங்கல் கழிந்த பிறகு மாவு மில் மாதிரி ஓட ஆரம்பித்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை நேரம். தலையணை சரிந்து, சம்பூர்ணத்துக்கு எச்சில் புரையேறியது. அந்தோணி திரையில் புடவை முந்தியின் மூலையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து சோம்பல் முறிக்கத் திரும்பியவர் பார்த்தது கறுத்துப்போன முகத்தை. ஓடிப்போய் ஒருக்களித்துப் போட்டு, முதுகில் தட்டி, வாயைத் துணியால் துடைத்து எடுத்தார். மூச்சு திரும்பியது. தலையணையை நேராக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்தார்.

"கூப்டேன்யா," என்றாள் சம்பூர்ணம். "உனுக்குக் கேக்கல."

கைமணி ஒன்று வாங்கிக் கொடுத்தார். மூச்சு திணறுகிறவள் மணியைத் தேடிப் பிடித்து ஆட்டுவாளா? அது கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. மேஜையைத் திருப்பிப் போட்டு அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். புள்ளி வைக்கிற கண் திரையை விட்டு நகராது. அதுவும் பயன்படவில்லை. சம்பூர்ணத்தின் தங்கை வாலாஜாபாத்திலிருந்து வந்து, அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"போறியா?" என்று அந்தோணி கேட்டார்.

"அவ எனுக்குக் கஞ்சிய ஊத்திட்டு டீவி பாக்கப் போயிடுவா. பொணமாத்தான் திரும்பி வருவேன். அனுப்பறதுன்னா இப்பயே அனுப்பு."

அவளை அனுப்ப முடியாது. வேலையை விடவும் முடியாது. பெட்டியைத்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

அந்தோணி யோசித்தார். திரை நன்றாக இருக்கிறது. கீபோர்டும் அப்படியே போதும். பெரிய முந்தி டிசைனைத் திறந்தால் மட்டும் பெட்டி திக்குகிறது. பெட்டி சின்னதாக இருந்தால் மேஜையில் அவளுடைய மருந்துக்கும் கிண்ணத்துக்கும் இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, வாயை மூடிக்கொண்டு ஓட வேண்டும். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம். அதில் புதுசு வாங்கினால், அவளுக்குப் படுக்கைப் புண் வராமல் காக்கும் தண்ணீர்ப் படுக்கை வாங்க முடியாது.

ஸ்பீக்கர் ஃப்ரீ என்ற கடையிலிருந்து வந்த கையோடு, ரங்கசாமி குளத்துப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த பழனியை வீட்டுக்கு வரச் சொன்னார். பழனி வந்த அன்று வேலாயுதம் முதலாளியும் டிசைன் கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"போடுண்ணா, கேப்போம்," என்றான் பழனி.

அந்தோணி சுவிட்சைத் தட்டினார். பெட்டி உறுமியது. மேஜையிலிருந்த டம்ளர் தானாக நகர்ந்தது.

"யப்பா! இன்னாண்ணா, உள்ள லாரி கீரி ஓட்றியா?"

"ஆறு மாசமா இப்டித்தான்பா ஓடிக்கினு இருக்குது. புதுசே வாங்கிடட்டுமா?"

"அவசரப்படாத. இப்ப வர்ற புதுசெல்லாம் சூடு ஜாஸ்தி. சூட்டத் தணிக்கணும்னு அதுக்கு மேல ஃபேன் சுத்தும். காசக் குடுத்து இதவிட பெரிய லாரி வாங்கி வெப்ப." பழனி பெட்டியைத் தட்டினான். "ஆமா, இதுக்குப் பக்கத்து மூடி எங்க?"

"உள்ள சூடா இருக்குதேன்னு கழட்டிப் போட்டேன். வாங்கனதுலேந்தே தொறந்துதான் இருக்குது."

பழனி சுவிட்சை அணைத்து, டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணா, நீ சர்ச்சுக்குப் போற ஆளுதான?"

"ஆமா, அதுக்கின்னா?"

"இங்க வந்து பாரு."

உள்ளே இருந்த சின்னக் காற்றாடியின் ஒரு இறக்கையில் மட்டும் கெட்டியாக மூன்று சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். அதற்கும் மேல், பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து பறந்து வந்த பட்டுப் பிசிறு ஒட்டி ஒட்டி, கிழவன் தாடி மாதிரி தொங்கியது.

அந்தோணி திரும்பி வேலாயுதத்தைப் பார்த்தார். போன ஆயுத பூஜைக்குப் பொரியும் சந்தனமும் எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். 'என் புடவை பூரா இதுலேந்துதான் வருது, இதுக்கு வெக்காம எப்டி?' என்று கேட்டபோது அந்தோணி மறுக்கவில்லை. அவர் பொட்டு வைத்த நேரம் அந்தோணி அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வெளியில வெச்சா ஆவாதா?"

"அதெப்டிப்பா? தறிக்கு வெக்கசொல்ல எங்க வெப்போம்? ஓடற எடத்துலதான வெப்போம். குறுக்க ஓடற நாடாவுக்கு வெப்போம், ஊடை அடிக்கற பலகைக்கு வெப்போம். இதுல எது ஓடுதுன்னு பாத்தேன், இதான் ஓடும் போல இருந்துது. தாராளமா வெச்சேன்."

"தாராளம்தான்," என்றான் பழனி. "ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறிப்போயி தடதடன்னு அடிக்குது. எல்லா எறக்கைக்கும் வெச்சிருந்தா கூடத் தேவல."

"அடுத்த வருசம் எல்லாத்துக்கும் வெக்கறேன்."

கட்டிலிலிருந்து சம்பூர்ணம் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே புரையேறியது. பெட்டி அணைந்திருந்த கூடத்தில் அந்தச் சின்னக் 'களுக்' சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. மற்ற இருவரும் தலையைத் திருப்புவதற்குள் அந்தோணி அவளை ஒருக்களித்துப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டே தட்டில் சரியாகிவிட்டது. முகம் கறுக்கவில்லை.

வேலாயுதத்தின் முகத்தில்தான் ரத்தம் இல்லை. "இதுக்காகவாப்பா சத்தத்த நிறுத்தணும்னு ஆளக் கூப்ட்ட? எனுக்குத் தெரியாதேப்பா. புதுப் பொட்டி நான் வாங்கித் தரட்டுமா?"

"வாணாம் மொதலாளி. டிசைன் ரெண்டு நாள் லேட்டாவும், அத மட்டும் பொறுத்துக்கோங்க."

பழனி மறுநாள் பெட்டியைப் பிரித்து, பிரஷ்ஷால் பிசிறையெல்லாம் தள்ளினான். சந்தனம் வைத்த காற்றாடி இரைந்து இரைந்து தேய்ந்துபோயிருந்ததால் அதைத் தூக்கிப் போட்டான். பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றினாலே போதும், இரைச்சலும் இருக்காது என்று ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினான். முனகிக்கொண்டிருந்த பவர் சப்ளையையும் மாற்றினான். முந்தி டிசைன் திக்காமல் திறப்பதற்குக் கூடுதலாக ஒரு மெமரி. எல்லாவற்றையும் கடையில் கிடந்த சின்ன கேபினெட்டுக்குள் அடக்கி, இந்த முறை பக்கத்து மூடியைத் திருகி மூடினான். "காத்து எந்த வழியா வரணும்னு செஞ்சவன் யோசிச்சிதான் செஞ்சிருக்கான். நீ தொறந்து வெச்சா தூசிதான் வரும்," என்றான். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு மூலைக்கும் வைத்தான். மேஜை அதிர்வது நின்றது. ஆன செலவு புதுப் பெட்டி விலையில் கால் பங்கு கூட இல்லை. தண்ணீர்ப் படுக்கைக்கான பணம் அப்படியே இருந்தது.

அவன் போன பிறகு அந்தோணி சுவிட்சைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லையோ என்று குனிந்து பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் கையை வைத்தால் இளம் சூட்டில் காற்று வந்தது. பக்கத்து வீட்டுத் தறி அடிப்பது, குழாயில் தண்ணீர் சொட்டுவது, கட்டிலில் அவள் மூச்சு விடுவது என்று இத்தனை நாள் காணாமல் போன சத்தமெல்லாம் கூடத்துக்குத் திரும்பி வந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மாசியிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்த தோள் தானாக இறங்கியது.

மயில் டிசைனைத் திறந்து கழுத்தில் புள்ளி வைக்கத் தொடங்கினார்.

"யோவ்."

சட்டென்று திரும்பினார். "இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

"கேக்குது."

பத்துப் புள்ளி வைத்திருப்பார்.

"யோவ்."

"கேக்குதும்மா."

"மெதுவாத்தான் கூப்ட்டேன். அப்பயும் கேட்டுச்சா?"

"அதுவும் கேட்டுச்சு. நீ இப்டியே கூப்ட்டுக்கினு இருந்தா மயிலு கழுத்தோட நின்னுடும். மொதலாளி வந்து என் கழுத்தப் புடிப்பாரு."

அந்தோணி மயிலின் மார்பு வரை வந்துவிட்டார். அப்போது மறுபடியும் அந்த நூல் குரல் வந்தது.

"இன்னா, இப்பயும் சும்மாதானா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லய்யா. முதுகு எரியுது. திருப்பிப் போடு."

வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.