நாடா வெட்டாமல் திறந்த கதவு

சந்தையில் விற்கப் பயற்றங்காயைப் பிடி பிடியாகக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். சாவகச்சேரி பஸ்ஸால் இறங்கிய மீன்காரப் பிலோமினாக்கா, தலையில் இருந்த கடகப் பெட்டியைக்கூட இறக்காமல் என் முன்னால் வந்து நின்றார்.

"தவம் அண்ணை மோசம் போயிட்டாராம் பிள்ளை. விடியப்புறம் நெஞ்சு நொந்ததாம்."

முன்பு எங்கள் பிரதேச சபை மெம்பராக இருந்த தவராசா செத்துப்போனதைத்தான் சொன்னார். அன்று சந்தையில் விலை கூவ ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அவர் மெம்பராக இருந்த காலத்துக் கிழமை ஓட்டம் எங்களுக்கு மனப்பாடம். திங்கள் சபை அலுவல். புதன் குடிதண்ணீர் பவுசர் வண்டியோடு ஊர் ஊராக அலைச்சல். வெள்ளி கோயில், ஞாயிறு பிலோமினாக்காவின் ஊர்த் தேவாலயம். செத்தவீடு எந்த நாளில் வந்தாலும் பந்தலில் ஆட்கள் இருக்கக் கதிரை தூக்கிக்கொண்டு நிற்பார். செவ்வாய் எங்களுக்கு. குறை கேட்டுக்கொண்டு சந்தையைச் சுற்றி வருவார். கூரை ஒழுகுது, லைட் எரியேல்லை என்று சொல்லுவோம். பெரிய குறையை மட்டும் சொல்லமாட்டோம். ஆம்பிளையிடம் அதை எப்படிச் சொல்வது?

ஒரு செவ்வாய் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கித் தந்தார். ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் ஒருவரும் தொடவில்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன, எல்லாரும் மற்றக் கட்சிக்கு மாறிட்டியளோ?"

பிலோமினாக்காவுக்குப் பொறுக்கவில்லை. "உதைக் குடிச்சிட்டு எங்கை போறது? நீங்கள் மதிலோடை நிப்பியள். நாங்கள்?"

சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. விடிய வந்தால் வீடு போகும்வரை அடக்கிக்கொண்டுதான் இருப்போம். அதனாலேயே வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இவ்வளவு காலமும் குறை கேக்கிறனெண்டு திரிஞ்சிருக்கிறன். கேக்கிற உங்களுக்கு என்ன வெக்கம்? கேக்க வைச்ச எங்களுக்கெல்லோ வெக்கம்."

சபையில் சண்டை பிடித்துக் கட்டுவித்தார். கட்டி முடிந்தும் அது பூட்டியே கிடந்தது. பெரிய ஆள் ஒருவர் வந்து நாடா வெட்ட வேண்டுமாம், அவருக்கு நாள் கிடைக்கவில்லையாம். மாரி மழையும் தொடங்கிவிட்டது. ஒரு காலை தவம் அண்ணை தானே வந்து பூட்டைத் திறந்தார்.

"அண்ணை, கட்சியிலை ஏசமாட்டினமோ?" என்று கேட்டேன்.

"ஏசுவினம். அவைக்கு அவசரமில்லைப் பிள்ளை. உங்களுக்கெல்லோ அவசரம்."

பிலோமினாக்காவைத்தான் முதலில் போகச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அதைப்பற்றி எங்களிடம் அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை. செவ்வாயில் வருவதையும் நிறுத்தவில்லை.

அவருடைய எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த கையோடு கழிப்பறைத் தண்ணீர் மோட்டர் பழுதாகிவிட்டது. "இனி ஆரிட்டைச் சொல்லுறது?" என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் சீலையை உதறிக்கொண்டு சபைக்கு நடந்தேன். அங்கே மேசையில் வேலை பார்த்த தம்பி, "என்ன விசயம் அம்மா?" என்று கேட்டார். சுற்றிவர ஆண்கள்.

"சந்தையிலை பொம்பிளையளின்ரை கக்கூசுக்குத் தண்ணி வரேல்லை. ஆள் அனுப்புங்கோ. வரும்வரைக்கும் நான் இதிலை இருக்கிறன்."

என் குரல் நடுங்கவில்லை. தவம் அண்ணை எனக்கு விட்டுப்போனது அதுதான்.