நாற்பத்தொரு சுற்று

நாற்பத்தொன்று என்ற இலக்கத்தை எங்கே கண்டாலும் எனக்கு இன்றைக்கும் காது சுடும். நான் சொன்ன முதலாவது பெரிய பொய் அது.

சண்டை ஓய்ந்து வவுனியாப் பாதை திறந்து இரண்டாம் வருசம். மாங்குளத்திலிருந்து உள்ளே போகிற ஒரு குடியேற்றத் திட்டத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவிடம், நாலு சில்லும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று இருந்தது. எங்கள் ஒழுங்கையின் ஐப்பசிச் சேற்றில் இறங்கி ஏறக்கூடிய ஒரே வாகனம் அதுதான் என்பார். உழவு இயந்திரங்களை அவர் வாகனமாகவே கணக்கெடுப்பதில்லை. சின்னம்மாவின் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த ஜீப்பின் பின் அக்சில் உடைந்து போனது.

மாமா வவுனியாவுக்கு ஓடி, பழைய சாமான் கடையில் அதே ஜாதி ஜீப்பின் அக்சில் ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர் புத்தி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பற்சக்கரங்கள் வேறாக இருக்கலாம். சில்லுகளைப் பத்துத் தரம் சுற்றினால், எஞ்சினிலிருந்து வரும் தண்டு பூட்டுகிற தட்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் எண்ண வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் பூட்டலாம். இல்லையென்றால் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்.

எண்ணுகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வகுப்பில் கணக்கில் நான்தான் முதலாம் பிள்ளை. இரண்டு சில்லும் சேர்ந்து சுற்ற வேண்டும் என்பதால் ஒன்றை மாமாவும் மற்றதைச் சின்னம்மாவும் பிடித்தார்கள்.

“கலியாணப் பொம்பிளைக்குக் கையில மருதோண்டியோ கிறீசோ?” என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கத்தினா.

மாமா தன் பத்தை மனதுக்குள் எண்ணினார். வாய்விட்டு எண்ணினால் நான் குழம்பிவிடுவேனாம். முன் அக்சிலுக்கு நாற்பத்தொன்று வந்தது. அதை ஜீப் கதவில் சோக்கால் எழுதினார். பிறகு வவுனியா அக்சில். தட்டில் கீறிய வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்தேழு. சத்தியமாக முப்பத்தேழுதான்.

மாற்றுவதென்றால் திரும்பவும் வவுனியா, ஓமந்தையில் ஆமிச் சோதனை, வரிசை. கலியாணத்துக்கு முன் காரியம் நடக்காது. உழவு இயந்திரப் பெட்டியில் குந்திக்கொண்டு போக வேண்டிவரும். நானோ, பொம்பிளையோடு ஜீப்பின் முன்சீட்டில் போவேன் என்று வகுப்பு முழுக்கப் புளுகி வைத்திருந்தேன்.

“எத்தினை பிள்ளை?”

“நாப்பத்தொண்டு.”

“சோக்கான சாமான்!” என்றார் மாமா. அன்றைக்கே பூட்டிவிட்டார்.

தண்ணீரூற்றுக் கோயிலில் பத்தேகாலுக்குள் தாலி கட்ட வேண்டும். இடப்பெயர்வுகளால் இரண்டு தரம் தள்ளிப்போன கலியாணம். இந்த முறையும் தவறினால் சம்பந்தத்தையே விட்டுவிடுவோம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிப்போட்டா.

விடிய நல்ல மழை. ஒழுங்கையில் ஜீப் புதைந்ததும் மாமா சின்ன லீவரைத் தள்ளி முன்சில்லுகளையும் சேர்ந்து இழுக்க வைத்தார். துள்ளித் துள்ளி ஏறிவிட்டது. கல்லும் மண்ணும் இறுகிய கிறவல் றோட்டில் கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம், அடியில் முக்கிக்கொண்டு அப்படியே நின்றது. லீவரைத் திரும்ப இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது.

மாமா குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “முன்னுக்கு ஒரு ஓட்டம், பின்னுக்கு ஒரு ஓட்டம். சேத்துக்குள்ள வழுக்கி விட்டுக்குடுத்தது. கிறவல் விடுமே? இறுகிப்போச்சு.”

“அண்ணை, எட்டே முக்காலாச்சு. இன்னும் ஒரு மணித்தியாலப் பாதை கிடக்கு” என்றா சின்னம்மா.   சொல்லிவிடுவோமா என்று வாயைத் திறந்துவிட்டு, முன்சீட்டில் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன்.

மாமா பட்டுவேட்டியோடு சேற்றில் படுத்து ஜாக்கியை வைத்து ஒரு முன்சில்லைத் தூக்கினார். நிலத்தை விட்டதும் அந்தச் சில்லு ‘டக்’கென்று தானாகவே சுழன்று இறுக்கத்தை விட்டது. சின்னம்மா காப்புக் கையால் லீவரைப் பிடித்து இழுத்தா.

“வந்திட்டுது அண்ணை!”

பின்சில்லு இரண்டின் தயவில் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தாகி ஐந்து நிமிசம். கெட்டிமேளம் கேட்டபோது எனக்கு வந்த ஆறுதல் மாப்பிள்ளைக்குக்கூட வந்திருக்காது. அப்பாடா!

அடுத்த கிழமை மாமா அக்சிலைக் கழற்றி, இந்தத் தரம் தானே எண்ணினார்.  பிறகு சோக்கால் கதவில் என்னவோ எழுதி, அழித்து, திரும்ப எழுதினார். வீட்டுக்கு வந்திருந்த சின்னம்மாவும் எட்டிப் பார்த்தா.

எனக்கு அடிக்கவென்று அம்மா தென்னை ஈர்க்கோடு வந்தா. “இவளெல்லோ எண்ணினவள்? கவனமில்லாமல் எண்ணிப்போட்டாளோ?”

“சும்மா இருங்கோ அக்கா, அவள் சரியாத்தான் எண்ணினவள். நான்தான் பத்துக்குப் பதிலாப் பதினொரு தரம் சுத்திப்போட்டன். அதுதான் நாப்பத்தொண்டு வந்தது.”

“ஓம் அக்கா, பதினொண்டுதான். எனக்குக் கையும் நொந்தது” என்றா சின்னம்மா.

ஈர்க்கு இறங்கியது. தப்பினேன் பிழைத்தேன் என்று வளவுக்குள் ஓடினேன். பத்துவரை எண்ணத் தெரியாத பெரியாக்களை நினைத்து அன்று முழுக்கச் சிரித்தேன்.

பத்துத் தரம் சுற்ற முப்பத்தேழு வருகிற தட்டு, பதினொரு தரம் சுற்றினால்தான் நாற்பத்தொன்றுக்குக் கிட்ட வரும். என் பொய்யை உண்மையாக்கக்கூடிய எண் அது ஒன்றுதான். அதைத்தான் மாமா கதவில் எழுதியும் அழித்தும் தேடினார் என்று கணக்கில் முதலாம் பிள்ளைக்கு அன்றைக்கு விளங்கவில்லை.