குழல் ஆறட்டும்

துப்பாக்கி பழுது பார்க்கிறவனிடம் வருகிற துப்பாக்கிகளில் பாதிக்கு ஒரு கோளாறும் இருக்காது, கொண்டு வருகிறவருக்குத்தான் இருக்கும். மிக்ஸியோ மோட்டாரோ பழுது பார்க்கிறவராக நீங்கள் இருந்தால் இதைப் படித்ததுமே தலையாட்டுவீர்கள். விருத்தாசலத்துக்கு வெளியே, களிமண் எடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளத்தில் எங்கள் ரைபிள் கிளப்பு சுடுகிற இடம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நான் பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்டேஷனில் வளைந்தது

பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருக்கிற பாஸ்கர் ஒரு நாள் அவங்க அப்பாவின் ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியவர் போய்ச் சேர்ந்து லைசென்ஸ் மகன் பேருக்கு மாறியிருந்தது. வேட்டைக்கென்று செய்த துப்பாக்கி அது. காடெல்லாம் தோளில் சுமக்கணுமே என்று குழலை ஒல்லியாகச் செய்திருப்பார்கள். வேட்டையெல்லாம் என்றைக்கோ நின்றுபோச்சு, பெரியவரே கிளப்பில் குறி வட்டம் போட்ட அட்டையைத்தான் சுட்டார். அவர் சுட்டால் எல்லாக் குண்டும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி விழும். மகனுக்கோ முதல் குண்டு நடுவில், ஐந்தாவது அட்டையின் ஓரத்தில்.

தேர்தல் நேரத்துக் கட்டளைப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதிலிருந்துதான் இப்படி, குழல் அங்கேதான் வளைந்துவிட்டது என்று சாதித்தார். குழலின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டை உருவிவிட்டு, குழல் வழியாக வானத்தைக் காட்டினேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவர் கேட்கிற ஆளா? "அங்க யாரோ இது மேல உக்காந்திருக்காங்க அண்ணே," என்றார்.

ஈரச் சாக்கு

ஒல்லிக் குழல் சீக்கிரம் சூடேறும். சூடேறினால் லேசாக அசையும், குண்டு இடம் மாறும். அடுத்தடுத்து சுடாதீங்க தம்பி, ஆற விடுங்க என்று தொண்டை வற்றச் சொல்லி அனுப்பினேன். மறு வாரம் போய்ப் பார்த்தால், மனுஷன் சுட்ட குழலை ஈரச் சாக்கால் சுற்றி வைத்திருக்கிறார், ஆவி பறக்குது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிப்போச்சு. சூளையை ஆறுமுன்னே திறந்த வேலையாளை ஊரே கேட்க ஏசினவர் இவர்தான். அதைச் சொல்லிக் கேட்டேன். நிதானமாகப் பதில் வந்தது: "அது பீங்கான் அண்ணே, வெடிச்சிடும். இது இரும்புதான?"

ஃப்ளாஸ்க்

அவருக்கும் அலுத்துவிட்டது. துப்பாக்கி டீலரிடம் விற்றுவிட முடிவு பண்ணி, கடைசியாக ஒரு தரம் சுட்டுப் பார்க்க வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் பக்கத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தவன் நான். அந்தத் துப்பாக்கியும் போய்விட்டால் அவர் ரெண்டாம் தரம் செத்த மாதிரிதான் எனக்கு.

அன்றைக்கு எதையும் விளக்கவில்லை. ஒரு ஃப்ளாஸ்க் நிறைய டீ வாங்கி வந்தேன். ஒரு குண்டு சுடச் சொல்லிவிட்டு, பீங்கான் கப்பில் டீயை ஊற்றி மணல் மூட்டை மேல் வைத்தேன். கப்பு ஆறுகிற வரைக்கும் துப்பாக்கியைத் தொட விடவில்லை. ஆறியதும் டீயை மண்ணில் கொட்டிவிட்டு அடுத்த குண்டு, அடுத்த கப்பு. இப்படியே ஐந்தும் ஆச்சு. உங்கப்பாவும் வீட்டு ஃப்ளாஸ்க் டீயை இப்படித்தான் ஊற்றி வைத்துக் கொட்டுவார், அவருக்குக் கப்புதான் கடிகாரம், அதில் ஒரு வாய் குடித்து நான் பார்த்ததே இல்லை என்றேன்.

அட்டையை எடுத்து வந்தோம். ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. பாஸ்கர் டீ கொட்டிய ஈரத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஃப்ளாஸ்க்கு காலியாத்தான் அண்ணே வூட்டுக்கு வரும். அப்பாவுக்கு டீன்னா உசுருன்னு நெனச்சி, அம்மா தெனம் காலைல படத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர் வெச்சிக்கிட்டு இருக்காங்க."

துப்பாக்கி டீலரிடம் போகவில்லை, படத்துக்கு முன்னால் அம்மா டீ வைப்பதும் நிற்கவில்லை. ஆறுகிற வரைக்கும் பொறுத்திருந்து பாஸ்கரே அதை எடுத்துக் குடிக்கிறாராம்.