முன்வரிசையாரும் மூன்று நகலாரும்

மலை ஏறும் பேருந்தில் சிரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கிவிட்டால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். மீதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருத்தன் புத்தகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் எப்படி இருக்கும்? மடியில் கோழிக்குஞ்சுக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

எனக்கு வீடு வடக்கனந்தலில். வேலை மலைமேல், ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தினமும் போக வர மூன்று மணி நேரம் பேருந்தில்தான் பிழைப்பு. நான் உட்காரும் இருக்கையின் ஜன்னல் கண்ணாடி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பணிமனைக்கு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. நினைவூட்டலும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. நகல்கள் பத்திரமாக இருக்கின்றன. அது கிடக்கட்டும், புத்தகத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எடுத்தது. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், பச்சை ரெக்சின் போட்டுத் தைத்து வைத்திருந்தார்கள். பெயரும் தெரியாது, எழுதின மகராசன் யார் என்றும் தெரியாது. எங்கள் நூலகத்துப் புத்தகங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. படித்தவர்கள் ஓரத்தில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதாமல் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒருவர் ‘அருமை’ என்று எழுதினால், கீழே இன்னொருவர் ‘இதில் என்ன அருமை?’ என்று கேட்பார். மூன்றாமவர் ‘இருவரும் சண்டை போட வேண்டாம், கொலை செய்தது டிரைவர்தான்’ என்று எழுதி மொத்தக் கதையையும் கெடுத்துவிடுவார். நூலகர் அம்மாவும் சொல்லிப் பார்த்தார், சுவரில் எழுதி ஒட்டியும் பார்த்தார். அந்தத் தாளின் ஓரத்திலும் யாரோ ‘நல்ல கருத்து’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தப் புத்தகத்தில் கதாநாயகன் என்று ஒருவன் இருக்கிறான். நல்லவன், அழகன், தியாகி. அவனை எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நினைவில் இருப்பவர்கள் இரண்டு கோமாளிகள். ஒருவர் முன்வரிசையார். ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும் முன்வரிசை நாற்காலி அவருக்கு வேண்டும். கருமாதி வீட்டுக்குப் போனால்கூட முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பார், பிறகுதான் அழுவார். ஒரு கல்யாணத்தில் தனக்குப் பின்வரிசை கிடைத்துவிட்டது என்று, தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ‘இப்போது இதுதான் முன்வரிசை’ என்பார். இந்த இடத்தில்தான் பேருந்தில் நான் மானத்தை விட்டுச் சிரித்தது.

இன்னொருவர் அவருடைய மைத்துனர், மூன்று நகலார். படித்தவர். கோபக்காரர். எதற்கெடுத்தாலும் மனு எழுதுவார். மழை பெய்தால் ஒரு மனு, பெய்யாவிட்டால் ஒரு மனு. எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்வார். இவரும் நல்ல வேடிக்கைதான். ஆனால் கொஞ்சம் மிகையாக எழுதிவிட்டார்களோ என்று எனக்குப் பட்டது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

முன்வரிசையாரைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அவர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். என் கூடப் பிறந்த அண்ணன்.

அண்ணனுக்கும் எனக்கும் அப்போது இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். என் மகள் கல்யாணத்துக்குக் கள்ளக்குறிச்சியில் பேனர் அடித்தோம். எங்கள் பக்கம் பேனர் இல்லாமல் கல்யாணம் கிடையாது. தாலி கட்டாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம். பேனரில் யார் படம் எந்த வரிசையில், எந்த அளவில் என்பதுதான் குடும்பத்தின் சட்டம். கடைக்காரப் பையன் மேலே என் படத்தையும் எங்கள் அதிகாரி படத்தையும் பெரிதாகப் போட்டான். அண்ணனின் பழைய பாஸ்போர்ட் போட்டோவை மூன்றாவது வரிசையில், மீசை முளைக்காத மச்சான் பயல்களுக்கு நடுவே செருகிவிட்டான். கடைக்காரன் தவறு என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன். உண்மை என்னவென்றால், அடிப்பதற்கு முன்னால் என் செல்போனுக்கு அனுப்பினான். நான் பார்த்தேன். அதிகாரி வரும்போது நன்றாக இருக்கும் என்று ‘ஓகே’ போட்டேன்.

அண்ணன் மண்டபத்து வாசலில் பேனர் முன்னால் நெடுநேரம் நின்றார். உள்ளே வந்தார், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அட்சதை போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். பெண்ணுக்குப் பெரியப்பா கை நனைக்காமல் போவது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். பத்தாவதோடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டு, கரும்பு வெட்டி என்னைக் காலேஜுக்கு அனுப்பின ஆள். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு போட்டோவுக்கா இவ்வளவு வீம்பு என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அவ்வளவுதான், இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நடுவில் ஒரே சுவர். என் மனைவியும் அண்ணியும் அதன் மேலேயே குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். பிள்ளைகள் இந்த வீட்டில் சாப்பிட்டு அந்த வீட்டில் கை கழுவுவார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் மரவள்ளிக் கொல்லையை ஆராய்ச்சி செய்வோம். அவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாட்டிடம் சொல்வார். ‘சில பேரு வூட்டுத் தண்ணி நம்ம பக்கம் வருது பாரு’ என்பார். மாடு பாவம், அதற்கு என்ன தெரியும்.

ஆகவே முன்வரிசையார் நாற்காலியைத் திருப்பிப் போட்ட இடத்தில், என் பேனா சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் ‘இது எங்க அண்ணனேதான்’ என்று எழுதினேன். எழுதியதும் அப்படி ஒரு நிம்மதி. இருபது பக்கம் தள்ளி ‘மறுபடியும் அண்ணன்’ என்று எழுதினேன். அவருக்குச் சாமி வந்தால்கூட முன்வரிசையில்தான் வரும் என்று ஒரு வரி வருகிறது. அங்கே ‘ஐயோ, அண்ணா!’ என்று எழுதினேன். எழுதும்போதுதான் கவனித்தேன், எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஒருத்தரை நினைத்து அத்தனை நேரம் சிரித்துவிட்டு எப்படிக் கோபமாக இருப்பது? இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அண்ணனோடு முழுசாக ஒரு பயணம் போனேன். அவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. அண்ணன் தினமும் காலையில் பேப்பர் படிக்க நூலகத்துக்குப் போகிறவர். போனால் ஒரு புத்தகத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ‘அ’னா போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அடுத்த சனிக்கிழமை ஓடிப்போய்க் கேட்டேன். நூலகர் அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, உங்கள் அண்ணன்தான் எடுத்துப் போயிருக்கிறார் என்றார். தொலைந்தேன் என்று நினைத்தேன். இது வரைக்கும் பேசாமல் இருந்தார், இனிமேல் முகத்திலேயே முழிக்க மாட்டார்.

இரண்டு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மாட்டிடம்கூட எதுவும் சொல்லவில்லை. அப்புறம் புத்தகம் திரும்பி வந்தது. நூலகர் அம்மா அதை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எழுதிய இடங்களில் எல்லாம் தேடினேன். ஒரு பதிலும் இல்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பிறகு பார்த்தால், மூன்று நகலார் வருகிற பக்கத்தில், அண்ணனின் உருண்டை எழுத்தில் பென்சிலால் ‘இது என் தம்பி’ என்று இருந்தது. மழைக்கு மனு எழுதும் இடத்தில் ‘இவனேதான், சந்தேகம் வேண்டாம்’. மூன்றாவது நகலைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கும் இடத்தில் ‘சின்ன வயசில் பம்பரத்தை இப்படித்தான் வைத்துத் தூங்குவான்’.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நான் எங்கே, அந்தக் கிறுக்கன் எங்கே? வீட்டுக்குப் போய் மனைவியிடம் நியாயம் கேட்டேன். அவள் பரண் மேலிருந்து என் தகரப் பெட்டியை இறக்கி நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தாள். பணிமனைக்கு எழுதியது, மின்வாரியத்துக்கு எழுதியது, டிவியில் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதியது. எண்ணவே வேண்டியிருக்கவில்லை, எல்லாமே மூன்று மூன்றாகத்தான் கட்டியிருந்தன. அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நானும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டேன்.

சிரிக்க வைக்கும் ஆட்கள் ஏன் பிடிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கதாநாயகனைப் படித்தால் நாம் ஒரு சுற்றுப் பெருத்துவிடுகிறோம். இந்தக் கோமாளிகள் நம்மை நம் அளவுக்கு இறக்கி வைக்கிறார்கள், அதையும் வலிக்காமல் செய்கிறார்கள். முன்வரிசையாரை எழுதினவர் அவரை வெறுத்து எழுதவில்லை. வெறுத்திருந்தால் அந்த நாற்காலி அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. அண்ணனும் என்னை வெறுக்கவில்லை. வெறுக்கிறவனுக்குப் பம்பரம் ஞாபகம் இருக்குமா?

அதற்குப் பிறகு புத்தகம் மாறி மாறிப் போனது. நான் ‘பம்பரத்தை உடைத்தது யார்?’ என்று எழுதினேன். அவர் ‘ஆணி அடித்துக் கொடுத்தது யார்?’ என்று எழுதினார். ஓரத்தில் இடம் தீர்ந்து வரிகளுக்கு நடுவே இறங்கினோம். ஒரு நாள் நூலகர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“சார், ரெண்டு பேருக்கும் ஒரே செவுரு. அங்கியே பேசிக்கலாம் இல்லைங்களா? புத்தகம் இன்னா பாவம் பண்ணுச்சு?”

நியாயமான கேள்விதான். ஆனால் எழுதுவது வேறு, வாயைத் திறப்பது வேறு. யார் முதலில் திறப்பது? பெரியவர் திறக்கட்டும் என்று நானும், தப்புச் செய்தவன் திறக்கட்டும் என்று அவரும் இருந்தோம். இப்படியே அவர் மகனுக்குக் கல்யாணம் வந்துவிட்டது.

பத்திரிகை வைக்க அண்ணி தட்டோடு வந்தார். அண்ணன் தெருவில் வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்கு வண்டியில் வந்த ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான் இருப்பார். உள்ளே வரவில்லை. எனக்கு மறுபடியும் மூக்குக்கு மேல் கோபம். பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் வாயால் கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் அன்றைக்கெல்லாம் சோற்றைத் தட்டில் ‘டப்’ என்று வைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் எல்லாரும் போய்விட்டார்கள். தெருவே காலி. சுவருக்கு அந்தப் பக்கம் மாடு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம், நாம் வளர்த்த பயல் அல்லவா, வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினேன்.

மண்டபத்துக்கு எதிரே இறங்கியதும் பேனர்தான் கண்ணில் பட்டது. எவ்வளவு பெரிய பேனர்! மேல் வரிசையில் இரண்டே படங்கள். ஒன்று அண்ணன். இன்னொன்று நான். அளவெடுத்தது போல இரண்டும் ஒரே அளவு. மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் கீழே. அண்ணன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘முன்வரிசையார்’ என்று அச்சடித்திருந்தது. என் படத்துக்குக் கீழே ‘மூன்று நகலார்’.

தெருவென்றும் பார்க்காமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்து எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, மூன்று நகலார் என்பது கட்சியில் என்ன பொறுப்புங்க என்று மரியாதையாகக் கேட்டார். மாவட்ட அளவில் என்று சொன்னேன்.

வாசலில் பட்டு வேட்டியோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முகூர்த்தம் முடிந்து, வந்தவர்கள் பாதிப் பேர் பந்திக்குப் போயிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்துக்கொண்டு அவரைத் தேடிக்கொண்டிருந்தார்களாம், பிறகு மனைவி சொன்னாள். அவர் போகவில்லை. தாலி கட்டும் நேரம் போக, காலையிலிருந்து வாசலை விட்டு நகரவே இல்லையாம். நான் கிட்டே போனேன். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“சாப்புட்டுட்டுப் போவணும்டா. நான் போன மாதிரி போயிடாத” என்றார்.