பந்தைப் பார்க்காதவர்கள்

நனைந்த நெல் மூட்டையை லாரி மேலிருந்து தரையில் தூக்கிப் போட்டால் 'தொப்'பென்று ஒரு சத்தம் வருமே, அதோடு கொஞ்சம் எலும்பையும் கலந்தால் எப்படி இருக்கும், அதுதான் ரக்பி ஆட்டத்தின் சத்தம். டிவியில் இது வராது. மைதானத்தில் கயிறு கட்டிய ஓரத்துக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தால்தான் வரும், அதுவும் காதுக்கு வராது, நேராக வயிற்றில் வந்து விழும். எனக்கு அப்போது பதினொரு வயது, வாய்க்கு மட்டும் முப்பது என்று தெருவில் சொல்வார்கள். முதல் மோதலுக்கு நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். இரண்டாவது மோதலில் அடியில் கிடந்தது எங்கள் அக்கா என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் அக்கா பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளியில் கபடி ஆடிக்கொண்டிருந்தவள், சென்னையில் கல்லூரி சேர்ந்த இடத்தில் யாரோ முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் திணித்து 'ஓடு' என்றார்கள், ஓடினாள், ஓடிக்கொண்டே போய் இந்திய அணியின் நீலச் சட்டைக்குள் நுழைந்துவிட்டாள். எங்கள் தெருவுக்கு இது புரியவே இல்லை. "இன்னாடி, உங்க அக்கா ட்ரவுசர் போட்டுக்கினு சேத்துல உருள்றாளாமே?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டதற்கு, "உங்க புள்ள சும்மா ஊட்லயே உருள்றான், எங்க அக்கா இந்தியாவுக்காவ உருள்றா" என்று சொல்லி அம்மாவிடம் முதுகில் வாங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நைனாவுக்கு வேலை சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளத் தேதி என்ற ஒன்றைப் பார்த்த ஆள் அவர். பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கம்பியாக நீட்டுவார்கள். சில நேரம் அந்தக் கம்பி தடம் மாறிப் பாம்பு போல எழும்பும். அப்படி எழும்பிய ஒரு நாள் நைனாவோடு வேலை செய்த ஒருவர் போய்ச் சேர்ந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார்களாம், அந்த இரைச்சலில் உருளைகளை நிறுத்த வேண்டிய மோட்டார்க்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் கழுத்தில் ஒரு விசில் வந்தது, விசிலோடு ஒரு வழக்கமும் வந்தது. விழுந்த ஆளைப் பார்த்தவர் ஊத வேண்டும், கேட்டவரெல்லாம் திருப்பி ஊத வேண்டும், ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. "ஊதிட்டு அப்பறம் பாரு, பாத்துட்டு ஊதாத" என்பது நைனா புதிதாக வரும் ஆட்களிடம் சொல்லும் வார்த்தை. வீட்டில் நான் சைக்கிளிலிருந்து விழுந்தால்கூட அவர் கை முதலில் கழுத்துக்குத்தான் போகும்.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டில் பட்டாணியை ஆட்களாக வைத்து எங்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்தாள். பந்தைக் கையால் முன்னால் போடக் கூடாது, பின்னால் வருபவளுக்குத்தான் போட வேண்டும். பந்து வைத்திருப்பவளைக் கட்டிப் பிடித்து விழ வைக்கலாம். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. நைனாவின் நண்பர் தனசேகர் மாமா, மில்லில் கிரேன் ஓட்டுபவர், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "கரெக்டுமா, எங்க கம்பெனி மாதிரியே. முன்னாடி போறவனுக்கு ஒன்னும் கெடையாது" என்றார். சிரித்தோம். நைனா மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"வுழுந்து எழுந்துக்கலன்னா?"

"டாக்டர் உள்ள ஓடி வருவாரு நைனா."

"ஆட்டம்?"

"அது பாட்டுக்கு நடக்கும். ஒருத்திக்காவ நிறுத்த மாட்டாங்க. ரொம்ப மோசம்னாதான் ரெஃப்ரி நிறுத்துவாரு."

"நிக்காதா?" என்றார் நைனா. அவர் காதில் விழுந்த ஒரே விதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆட்ட நாளன்று நைனாவும் தனசேகர் மாமாவும் இன்னும் மூன்று பேரும் முதல் ஷிஃப்ட்டைப் பாதியில் விட்டு, மில் சட்டையோடு நேராக அம்மாவும் நானும் காத்திருந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். மீஞ்சூர் தாண்டும்வரை லோக்கல் ரயிலில் உட்கார இடமில்லை. நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எங்க அக்கா மேட்ச்" என்று சொல்லிக்கொண்டே வந்ததில் வேர்க்கடலை விற்பவர் எனக்கு ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார். மைதான வாசலில் செக்யூரிட்டி தண்ணீர் பாட்டிலையும் தீப்பெட்டியையும் பிடுங்கினார்கள். சட்டைக்குள் கிடந்த விசில்களை அவர்கள் பார்க்கவில்லை, இவர்களுக்கும் அது கழுத்தில் கிடப்பதே ஞாபகம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. அத்தனை பச்சையை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் புல்கூடச் சாம்பல் பூசிக்கொண்டுதான் நிற்கும். காற்றில் வலிக்கு அடிக்கும் ஸ்பிரே வாசனை, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நாற்காலி வாசனை, எண்ணெய்ச் சமோசா வாசனை. பள்ளிப் பிள்ளைகளை வண்டி வண்டியாகக் கூட்டி வந்து ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் கடல் தாண்டி வந்திருந்த அணி, பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர்களோடு வந்தவர்கள் கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டு முரசடித்தார்கள். நாட்டுப்பண் ஒலித்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், அம்மா கண்ணைத் திறந்துகொண்டே அழுதாள். "எந்த வரிசைல கீறா, எந்த வரிசைல கீறா" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார், நேர் எதிரே நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டு.

என்னை அதிகம் பயமுறுத்தியது சத்தமில்லை, அமைதி. ஒருத்தி பந்தைக் கம்பங்களுக்கு நடுவில் உதைக்கப் போகும்போது மொத்த மைதானமும் வாயை மூடிக்கொள்ளும். எதிரியாக இருந்தாலும் உதைப்பவளுக்கு அந்த மரியாதை கொடுக்க வேண்டுமாம், மைக்கில் கெஞ்சிக் கேட்டார்கள். அப்போது பெண்கள் மூச்சு வாங்குவது எங்கள் வரிசைவரை கேட்கும். நைனா அந்த அமைதியில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில் அமைதியானால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு பக்கம் ஏழு பேர் ஆடும் சின்ன ஆட்டம் அது. கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். அவர்கள் பக்கம் கதவு மாதிரி ஒருத்தி பந்தோடு எங்கள் கோட்டை நோக்கி வந்தாள். அக்கா குறுக்கே பாய்ந்தாள். அந்தச் சத்தம் வந்தது. பந்து தெறித்து எங்கள் பெண் ஒருத்தி கையில் விழுந்தது, அவள் திரும்பி எதிர்க்கோட்டை நோக்கி ஓட ஆரம்பித்தாள். முன்னால் ஒரு ஆள்கூட இல்லை. மொத்த மைதானமும் எழுந்து நின்றது, அத்தனை தலையும் அவளோடு சேர்ந்து இடமிருந்து வலமாகத் திரும்பியது, காகிதக் கொடிகள் மழை மாதிரி இரைந்தன.

எங்கள் வரிசை மட்டும் திரும்பவில்லை. இந்தப் பக்கம் புல்லில் அக்கா ஒரு கை மடங்கிக் கிடந்தாள். கால் லேசாக உதறிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

நைனா ஊதினார்.

கேட்டதும் தனசேகர் மாமா ஊதினார். மற்ற மூன்று பேரும் ஊதினார்கள். வழக்கம் அது, யோசிக்கிற வேலையே கிடையாது. அத்தனை கூச்சலையும் கிழித்துக்கொண்டு போகத்தான் அந்த விசிலைச் செய்திருக்கிறார்கள், போனது. கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஓடிக்கொண்டிருந்த பெண் ரெஃப்ரிதான் ஊதிவிட்டார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் துரத்தி வந்தவள் குறைக்காமல் வந்து அவளை மோதி விழ வைத்தாள். பந்து பறந்தது. அப்புறம் நிஜ ரெஃப்ரியின் விசில் வந்தது, கைகளை விரித்துக்கொண்டு நின்றார், மறுபடி ஆட்டம் தொடங்கியது, உடனே முடிந்தும் போனது. நாங்கள் தோற்றோம்.

மைதானம் எங்கள் பக்கம் திரும்பியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொடிகள் வந்தன, காலிக் கப்புகள் வந்தன, எங்கள் சட்டையையும் சாதியையும் ஊரையும் சேர்த்து வார்த்தைகள் வந்தன. "எங்கிருந்துடா வரீங்க?" என்று ஒருவன் நைனாவின் காலரைப் பிடித்தான். நான் அவன் கையைக் கடித்தேன், அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. செக்யூரிட்டி ஐந்து விசில்களையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நைனா எதையுமே கவனிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் போகும் திசையையே பார்த்துக்கொண்டு, "கண்ணு தொறந்துச்சா? யாராவது பாத்தீங்களா?" என்று காலரைப் பிடித்தவனிடமும் கேட்டார்.

தலையில் பட்ட அடி. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அக்கா விளக்கை அணைக்கச் சொல்லிப் படுத்தாள். நைனா வாசற்படியில் நின்றார்.

"நீதான ஊதன?"

"ஆமாமா."

"அவ கோட்டுக்கே போய்ட்டா நைனா. தெரியுமா உனுக்கு? நம்ம ஊர்ல, நம்ம ஜனம் முன்னாடி ஜெயிச்சிருப்போம்."

"நீ வுழுந்து கெடந்த."

"நான் எழுந்துக்கினுதான் இருந்தேன்!"

"எங்கடி எழுந்த?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வெடித்தாள். "கண்ணு மேல சொருவிக்கினு கெடந்த. நான் பெத்தவ பாத்தேன்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பாய்ச்சலுக்குப் பிறகு எதுவுமே ஞாபகம் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளை மறுபடி அணிக்குக் கூப்பிடவில்லை. அடி காரணமா, விசில் காரணமா என்று யாரும் சொல்லவும் இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நைனா அதைத் தன் மேல்தான் எழுதிக்கொண்டார்.

இது இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மழைக்காலத்தில் ஒரு மாலை தனசேகர் மாமா நைனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார், எப்போதும் இருக்கும் கிண்டல் எதுவும் இல்லை. மில்லில் கம்பி எழும்பி ஒரு வடநாட்டுப் பையனின் காலில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர் நைனா. கழுத்தில் புது விசில். ஊதவில்லை. கிரேன் மேலிருந்து பார்த்துவிட்டு மாமாதான் ஊதியிருக்கிறார்.

"பாத்துக்கினே நிக்கிறான்மா உங்க நைனா. மேல இருந்து கத்றேன், நிக்கிறான்."

பையன் பிழைத்துக்கொண்டான், பாதம் பிழைக்கவில்லை. நைனா தரையில் உட்கார்ந்து சொன்னார்: "எழுந்துப்பான்னு நெனச்சேன். ஒரு நிமிசம்... ஊதனா எல்லாம் கெட்டுப் பூடுமோன்னு தோணிச்சி."

அக்கா அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். அதுவரை பல வாரங்களாக அவரோடு பேசியிருக்கவில்லை.

"நைனா. யாரு வுழுந்தாலும் ஊது. நான் திட்டனா திட்டிக்கினு போறேன். நீ ஊது."

அவர் தலையாட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஊதியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. சீக்கிரமே கேட் வேலைக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அந்த மில்லில் விசில் கிடையாது. தூணுக்குத் தூண் சிவப்பு பட்டன் வைத்திருக்கிறார்கள், புது ஆட்களுக்கு அதைத்தான் காட்டுகிறார்களாம். மாமாவின் கிரேனைக் கீழேயிருந்து ரிமோட்டில் ஓட்டுகிறார்கள். அக்கா காக்களூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். வெயில் அதிகமானால் தலைவலி வந்துவிடும், அவளுடைய நீலச் சட்டை எங்கே என்று நான் கேட்பதில்லை.

அன்றைய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை யாரோ போனில் எடுத்துப் போட்ட வீடியோ ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'எந்த முட்டாள் விசில் ஊதியது' என்று கீழே வரிசையாகத் திட்டியிருக்கிறார்கள், ஒரு காலத்தில் நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிச் சண்டை போட்டுப் பிறகு விட்டுவிட்டேன். போன மாதம் வீட்டில் நைனாவும் அக்காவும் நானும் பாயில் போனை வைத்து அதைப் பார்த்தோம். அக்காதான் போட்டாள், முதல் தடவையாக. பந்து தெறிக்கிறது, பெண் ஓடுகிறாள், கேமரா அவளோடு ஓடுகிறது, விசில் கேட்கிறது. அக்கா அதை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, மறுபடி மறுபடி பார்த்தாள். தன்னைத் தேடுகிறாள் என்று புரிந்தது. அந்த வீடியோவில் அவள் விழுவதே இல்லை. பந்துக்குப் பின்னால் போன எந்தக் கண்ணிலும் அவள் இல்லை.

"நான் எங்க நைனா கெடந்தேன்?" என்று கேட்டாள்.

நைனா விரலை நீட்டி, போன் திரைக்கு வெளியே, இடப்பக்கம், வெறும் பாயைத் தொட்டுக் காட்டினார்.