நாற்பத்து மூன்று மஞ்சள் அட்டைகள்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் லிப்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்று உண்டு. நோயாளிகளின் பழைய கோப்புகள் அங்கேதான் கிடக்கும். அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "கெடக்கல, இருக்கு" என்பாள். இருபத்தாறு வருடமாக அந்த அறையைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். பெரிய டாக்டரிலிருந்து லிப்ட் இயக்குபவர் வரை எல்லோருக்கும் அவள் ஃபைலக்கா.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம். அலமாரியிலிருந்து ஒரு கோப்பை உருவினால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் அட்டையைச் செருக வேண்டும். எண், எடுத்தவர், எடுத்த நாள், காரணம், திரும்ப வைத்த நாள் என்று அதில் ஐந்து கட்டங்கள். பெரிய டாக்டரே வந்து நின்றாலும் அட்டை நிரம்பாமல் கோப்பு கைமாறாது.

"அவசரம்மா!"

"அதையே காரணத்துல எழுதுங்க டாக்டர். ஒரு வார்த்தைதானே."

வெளியே இவ்வளவு கறார். வீட்டில் அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன், அப்பா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அந்த நன்றி எங்கே முடிகிறது, பயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்கே பல நாள் பிடிபட்டதில்லை.

அவர்களுக்கு ஒரு தங்கை இருந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, தனக்குப் பிடித்தவனோடு வீட்டைவிட்டுப் போனாள். மறுநாள் அண்ணன் ஆல்பங்களை மேஜைமேல் போட்டு, கத்தரிக்கோலை இவளிடம் நீட்டினார். "உனக்குத்தான் கை நேரா போகும். அவ ஒருத்திய மட்டும் வெட்டி எடு. மத்தவங்க மூஞ்சி கெடக் கூடாது."

அவள் வெட்டினாள். நாற்பத்து மூன்று படங்கள். அண்ணனின் கல்யாணப் படத்தில் மட்டும் வெட்டு சரியாக வரவில்லை. அன்று நல்ல மழை. மணமக்கள் நனையாமல் இருக்கத் தங்கை பின்னால் நின்று குடை பிடித்திருந்தாள். ஆளை வெட்டிவிடலாம், குடையை எப்படி வெட்டுவது? கடைசியில் கைப்பிடியில் நான்கு விரல்கள் மிஞ்சின. அந்தப் படம் அப்படியே அண்ணன் வீட்டு வரவேற்பறையில் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருபவர்கள் கேட்பார்கள், "குடையை யாருங்க புடிச்சிருக்கா?" அண்ணன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார். "போட்டோ புடிக்க வந்தவரோட ஆளு."

வெட்டிய துண்டுகளை அடுப்பில் போடத்தான் உத்தரவு. ஆனால் கோப்பறைக்காரியின் கை கேட்குமா? ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் எண் போட்டாள். அதே எண்ணை ஆல்பத்தில் இருந்த மிச்சப் படத்தின் பின்னாலும் போட்டாள். துண்டுகளைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அடுப்பில் பழைய பில்களை எரித்தாள்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை தங்கையோடு பேசினாள், மருத்துவமனைத் தொலைபேசியிலிருந்து. தன் செல்பேசியில் தங்கையின் எண்ணைச் 'சலவை அறை' என்று போட்டு வைத்திருந்தாள். போன வருடம் அந்த எண்ணிலிருந்து ஒரு சின்னக் குரல் அழைத்து, "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றது. அவள் போனாள். அண்ணன் போகவில்லை.

தங்கை மகள் இந்த வருடம் ஒரு செய்தி அனுப்பினாள். 'அம்மாவோட சின்ன வயசு போட்டோ ஒண்ணாவது இருக்கா பெரியம்மா? எனக்கு மட்டும் அனுப்பினா போதும். மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.'

கடைசி வரி அவளைச் சுட்டது. பெற்றவளின் முகத்தைத் திருட்டுத்தனமாக வாங்கிக்கொள்ள அது என்ன கடத்தல் சரக்கா? 'ஒண்ணு இல்ல கண்ணு, நாப்பத்து மூணு இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சே வரும்' என்று பதில் போட்டாள்.

பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். ஆல்பங்கள் எப்போதும் அவள் பொறுப்பில்தான் இருந்தன. சுவரில் தொங்கும் கல்யாணப் படத்துக்கு மட்டும், அதேபோல வெட்டிய இன்னொரு பிரதி ஆல்பத்தில் இருந்தது. எண் பார்த்து, மிச்சப் படத்தையும் துண்டையும் கண்ணாடிமேல் ஒட்டி ஒட்டி வைத்து, மேலே வெள்ளை அட்டையால் மூடி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். நடுவில் வெட்டுக்கோடு தெரிந்தது. கோட்டை அழிக்கக் கணினியில் வழி இருந்தது. அவள் அழிக்கவில்லை. வெட்டியது வெட்டியதுதானே.

கணினி இன்னொரு வம்பு செய்தது. ஸ்கேன் செய்த தேதியையே எல்லாப் படத்துக்கும் தேதியாகப் போட்டுக்கொண்டது. அதன் கணக்கில் அப்பா முதல் அண்ணன் மகன் வரை மொத்தக் குடும்பமும் போன செவ்வாய்க்கிழமைதான் பூமிக்கு வந்தது. அவள் சலிக்காமல் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் மாற்றினாள். முதலில் வருடம், பிறகு எண், பிறகு யார் யார். வருடம் தெரியாத படத்துக்குச் 'சுமார்' என்று சேர்த்தாள். குடும்பக் குழுவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த படங்களை அவள் நம்பவில்லை. கைமாறிக் கைமாறி, பெரிதாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது.

பிரதி மூன்று எடுத்தாள். ஒன்று வீட்டுக் கணினியில். ஒன்று தனி ஹார்டு டிஸ்கில். அது கோப்பறையில் அவளுடைய லாக்கரில். மூன்றாவதைப் பென் டிரைவில் போட்டுத் தங்கை மகளுக்கு அனுப்பினாள். ஒருமுறை கோப்பறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து ஓர் அலமாரி முழுக்க ஊறிப்போனதிலிருந்து அவள் சொல்வது இது: "ஒரே எடத்துல இருக்கறது இல்லாத மாதிரிதான்."

பிறகு இணையத்தில் குடும்பம் முழுக்கப் பார்க்கும்படி ஒரு பொது ஆல்பம் திறந்து, எல்லாவற்றையும் ஏற்றிக் குழுவில் போட்டாள். செய்த தவறு ஒன்றுதான். பார்க்கிற அனுமதியோடு அழிக்கிற அனுமதியையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். கோப்பறைச் சாவியை ஊருக்கே கொடுத்த கதை.

மறுநாள் மதியம் பார்த்தால் தங்கை இருந்த நாற்பத்து மூன்றும் இல்லை. அண்ணன் மகனை அழைத்தாள்.

"நீயாடா?"

"அப்பா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல அழிச்சேன் அத்தை. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அந்த மேஜைமுன் உட்கார்ந்திருந்தவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

முதலில் அழிக்கிற அனுமதியைத் திரும்ப வாங்கினாள். அடுத்து, கோப்பறை வழக்கப்படி செய்தாள். காணாமல்போன ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மஞ்சள் அட்டை எழுதிப் படமெடுத்து, அதனதன் இடத்தில் வைத்தாள். எண். எடுத்தவர்: அண்ணன். எடுத்த நாள்: நேற்று. காரணம் காலி. ஆல்பத்தைத் திறந்தவர்களுக்கு இப்போது குடும்பத்தைவிட மஞ்சள்தான் அதிகம் தெரிந்தது. அண்ணனின் கல்யாணத்துக்கும் ஒரு மஞ்சள்.

ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

"என்ன விளையாட்டு இது? ஊரே சிரிக்குது. எடு அதையெல்லாம்."

"காரணத்தைச் சொல்லுண்ணே. எழுதிட்டு எடுத்துடறேன்."

"காரணம் உனக்குத் தெரியாதா? நம்ம மூஞ்சியில கரியப் பூசிட்டுப் போனவ அவ."

"அப்படியே எழுதவா? உன் பேரைப் போட்டு? நம்ம பேரப்பிள்ளைங்க நாளைக்குப் படிப்பாங்க."



"நீ புடிச்ச முயலுக்கு மூணு கால்."

"காலை நான் எண்ணலண்ணே. காப்பி மூணு இருக்கு. அத்தனையும் அழிச்சாலும் அந்த நாலு விரல் உன் வீட்டுச் சுவத்துல இருக்கு."

அவர் வைத்துவிட்டார்.  அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அண்ணனிடம் காரணம் கேட்கிறாளே, வெட்டிய கை யாருடையது?

துணிகளுக்கு அடியிலிருந்த பழுப்பு உறையை எடுத்தாள். துண்டுகளோடு அன்று அவள் போட்டுவைத்த மஞ்சள் அட்டையும் உள்ளே இருந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். நாள் எழுதியிருந்தாள். காரணம் காலி. எல்லோரிடமும் கறாராகக் கேட்கிறவள், இருபத்தாறு வருட வேலையில் நிரப்பாமல் விட்ட ஒரே அட்டை அது.

'அண்ணன் சொன்னார்' என்று எழுதப் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அது காரணம் இல்லை, சாக்கு. கடைசியில் ஒரே வார்த்தை எழுதினாள்: பயம்.

அதைப் படமெடுத்து ஆல்பத்தின் முதல் படமாக வைத்தாள். சித்தப்பா வீடு, அத்தை வீடு, எல்லோரும் பார்க்கட்டும்.

சாயங்காலம் அண்ணி அழைத்தாள். வீட்டில் அண்ணன் இருக்கும்போதெல்லாம் குரலே வராத அண்ணி.

"ஏம்மா, அன்னிக்கு நனையாம இருந்தது நானு. உன் தங்கச்சி தொப்பலா நின்னா. நடுங்கிட்டே நின்னா. ஒரு வார்த்தை சொல்லல. எல்லாம் ஞாபகம் இருக்கு எனக்கு."

"நீங்க ஏன் அண்ணி இத்தனை நாளும் பேசல?"

"உன் அட்டையில எழுதியிருக்கியே, அதேதான். எனக்கும் ஒரு அட்டை போட்டுடு."

மறுநாள் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'குடைப் படத்தை மட்டும் போடு.'

'மட்டும் கிடையாதுண்ணே. நாப்பத்து மூணும் சேர்ந்துதான் வரும்.'

அவர் பார்த்துவிட்டார் என்று செல்பேசி காட்டியது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மதிய உணவு இடைவேளையில், லாக்கரிலிருந்து டிஸ்கை எடுத்து, கோப்பறை மேஜையிலேயே தன் மடிக்கணினியைத் திறந்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஏற்றினாள். இரண்டு பின்னல், விழுந்த முன்பல், அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்த மூன்று வயது, மழையில் குடை. தங்கை மகளையும் குடும்பக் குழுவில் சேர்த்தாள். யாரையும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து குழுவிலேயே ஒரு செய்தி வந்தது. 'குடை புடிச்சிருக்கறது எங்க அம்மா.' அதற்குக் கீழே அண்ணன் மகன் மட்டும் 'ஆமா' என்று போட்டான்.

தன் பழைய அட்டையில், திரும்ப வைத்த நாள் என்ற கட்டத்தில், அவள் அன்றைய தேதியை எழுதினாள். அண்ணன் பெயரில் இருந்த மஞ்சள்களை நீக்கினாள், ஒன்றைத் தவிர. அது இப்போதும் ஆல்பத்தில் குடைப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, காரணம் காலியாக.

"அதையும் எடுத்துடேம்மா, பாவம்" என்று அண்ணிகூட ஒருநாள் சொல்லிப்பார்த்தாள்.

"நிரப்பட்டும் அண்ணி. எடுத்துடறேன்."